நாக்கை நீட்டு: பள்ளிக்கூடத்துக்குள் வந்த மருத்துவம் குறித்துச் சில குறிப்புகள்

நான் படித்த பள்ளிக்கூடத்துக்கு வருஷத்தில் ஒரு நாள் டாக்டர் வருவார். சட்டையைக் கழற்றிவிட்டு வரிசையில் நிற்க வேண்டும். எடை, உயரம், கண் இமையைக் கீழே இழுத்து ஒரு பார்வை, 'நாக்கை நீட்டு', அடுத்த ஆள். ஒரு பையனுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. அவர் சொல்லச் சொல்ல டிரில் மாஸ்டர் ஒரு மஞ்சள் அட்டையில் எழுதிக்கொள்வார். என் அட்டையில் 'சொத்தைப் பல்' என்று எழுதினார்கள். அடுத்த வருஷமும் அதே 'சொத்தைப் பல்'. மூன்றாம் வருஷம் அந்த வரி இல்லை. ஏனென்றால் பல்லே இல்லை.

பின்னால் சிறுபத்திரிகைகளில் ஃபூக்கோ பேசப்பட்ட காலத்தில் இந்த மஞ்சள் அட்டைதான் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது. பள்ளி, சிறை, பட்டாளம், மருத்துவமனை எல்லாம் ஒரே குடும்பம். உடல்களை வரிசையில் நிறுத்தி, அளந்து, பதிவுசெய்து, இயல்பானது இயல்பற்றது என்று பிரிக்கிற நிறுவனங்கள் என்று படித்தபோது 'அட, நம்ம டிரில் மாஸ்டர்' என்றுதான் தோன்றியது. நண்பர் ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போனார்: "ஸ்கூலுக்குள்ள கிளினிக் வைக்கிறதும் ஸ்டேஷன் வைக்கிறதும் ஒண்ணுதான். வேற யூனிஃபார்ம், அவ்வளவுதான்."

அப்போது தலையாட்டினேன். இப்போது அவ்வளவு சுலபமாகத் தலையாட்ட முடியவில்லை. அதிகாரத்தின் பார்வை என் மேல் விழுந்தது, சரி. ஆனால் பார்த்துவிட்டு என் பல்லுக்கு ஒன்றும் செய்யாமல் போனார்களே, அதை எந்தக் கோட்பாட்டில் வைப்பது? பார்ப்பதற்கும் வைத்தியம் செய்வதற்கும் நடுவே இருக்கிற இந்த இடைவெளி யாரோ மறந்துபோனதால் வந்ததல்ல. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது மிக வெளிப்படையாக, சண்டையும் சச்சரவுமாக நடந்தது அமெரிக்காவில். அதனால் அங்கே போவோம்.

1894ல் பாஸ்டன் நகரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது பள்ளிகளைச் சுற்றிவரச் சொல்லி மருத்துவர்களை நகராட்சி அனுப்பியது. அமெரிக்கப் பள்ளி மருத்துவத்தின் தொடக்கமாக எல்லாரும் குறிப்பது இதைத்தான். நியூயார்க் 1897ல் பின்தொடர்ந்தது. இந்த மருத்துவர்கள் வந்தது குழந்தையைக் குணப்படுத்த அல்ல. குழந்தையிடமிருந்து பள்ளியைக் காப்பாற்ற. தலையில் பேன், தோலில் படர்தாமரை, சொறி, சிரங்கு, கண்ணில் டிரக்கோமா — எது தென்பட்டாலும் பையனை வீட்டுக்கு அனுப்பு. கையில் ஒரு சீட்டு. சீட்டை வாசிக்கத் தெரியாத அம்மா. ரஷ்யாவிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வந்து ஒரே அறையில் ஏழெட்டுப் பேராக அடைந்துகிடந்த குடும்பங்கள். துரத்தப்பட்ட பையன் சாயங்காலம் தெருவில் அதே வகுப்புப் பிள்ளைகளோடு கட்டிப்புரண்டு விளையாடுவான். தொற்று நின்றபாடில்லை, படிப்பு மட்டும் நின்றது.

அந்தப் பகுதியில் குடியேறி செவிலியர் சேவை நடத்திய லில்லியன் வால்ட் 1915ல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளில் லூயி என்ற பையனைப் பற்றி எழுதுகிறார். பன்னிரண்டு வயது. அம்மா கசாப்புக் கடைக்காரர்களின் ஏப்ரன்களைத் துவைத்துப் பிழைக்கிறவர். பையன் தலையில் ஆறாத புண். தெரு விளக்குக் கம்பத்தில் எழுதியிருக்கிற தெருப்பெயரைக்கூடப் படிக்கத் தெரியாது. ஏனென்றால் எத்தனை தடவை பள்ளிக்கூடம் போனாலும் டீச்சர் வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுகிறார். இலவச மருந்தகத்துக்குப் பல தடவை போயிருக்கிறான். களிம்பும் கொடுத்திருக்கிறார்கள். அதை எப்படிப் போடுவது என்று யாரும் உட்கார்ந்து காட்டித்தரவில்லை. வால்ட் செய்தது அந்த ஒன்றைத்தான். அதே களிம்பு. புண் ஆறியது. செப்டம்பரில் வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தான்.

இந்த லூயியை மனதில் வைத்துக்கொண்டு 1902 அக்டோபருக்கு வரலாம். வால்ட் நகர அதிகாரிகளிடம் ஒரு பேரம் பேசினார்: ஒரு மாசத்துக்கு எங்கள் செவிலியர் ஒருவரைத் தருகிறோம், பலன் தெரிந்தால் நகராட்சியே தன் பணத்தில் செவிலியர்களை நியமிக்க வேண்டும். பேரத்தின் இந்தக் கடைசிப் பகுதி எனக்கு முக்கியமாகப் படுகிறது. தர்மமாகச் செய்து நல்ல பேர் வாங்கிக்கொண்டு போவதல்ல, அரசின் கணக்குப் புத்தகத்தில் ஏற்றுவது. அப்படிப் போனவர் லைனா ராஜர்ஸ். நான்கு பள்ளிகள், சுமார் 10,000 பிள்ளைகள், ஒரே ஒரு பெண். மருத்துவர் பார்த்து வெளியே அனுப்பச் சொன்ன பிள்ளைகளில் சின்னச் சின்னத் தொல்லை உள்ளவர்களுக்கு அங்கேயே மருந்து போட்டு வகுப்புக்குத் திருப்பி அனுப்பினார். மற்றவர்களின் வீடுகளுக்கு மாடிப்படி ஏறிப் போனார். 1902 செப்டம்பரில் நியூயார்க் பள்ளிகளிலிருந்து வெளியே அனுப்பப்பட்டவர்கள் 10,567 பேர். செவிலியர்கள் வந்தபின், 1903 செப்டம்பரில் 1,101 பேர்.

பாருங்கள், மருத்துவம் ஒன்றும் முன்னேறிவிடவில்லை. புது மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. பார்க்கிற கண்ணுக்குப் பக்கத்தில் மருந்து போடுகிற கை ஒன்றை வைத்தார்கள், அவ்வளவுதான். அந்தக் கை சம்பளம் குறைந்த, மருத்துவப் படிநிலையில் கீழே இருந்த ஒரு பெண்ணின் கை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஏறக்குறைய இதே வருஷங்களில் இங்கிலாந்திலும் பள்ளிக் குழந்தையின் உடல்மீது அரசுக்குத் திடீர்க் கரிசனம் பிறந்தது. காரணம் வேறு. போயர் யுத்தத்துக்கு ஆள் எடுக்கப் போனபோது மான்செஸ்டர் போன்ற ஊர்களின் தொழிலாளிகளில் பெரும்பாலோர் பட்டாளத்துக்கு லாயக்கில்லாத உடம்போடு நின்றார்கள். சாம்ராஜ்யம் பதறிப்போனது. 1904ல் உடல் நலிவு பற்றி ஒரு விசாரணைக் குழு, 1906ல் பள்ளி உணவுச் சட்டம், 1907ல் பள்ளிகளில் கட்டாய மருத்துவப் பரிசோதனை. இந்தச் சட்டம் தந்ததும் பரிசோதனைதான். வைத்தியத்துக்கு ஏற்பாடு செய்யலாம் என்று உள்ளூர் நிர்வாகங்களுக்கு அனுமதி மட்டும் இருந்தது, கட்டாயம் இல்லை. சோஷலிஸ்டான மார்கரெட் மக்மில்லன் 1908ல் கிழக்கு லண்டனின் போ பகுதியிலும் 1910ல் டெட்ஃபோர்டிலும் பள்ளிப் பிள்ளைகளுக்கான சிகிச்சை மையங்களைத் தொடங்க வேண்டிவந்தது இதனால்தான். அரசுக்கு வேண்டியது சிப்பாய். மக்மில்லனுக்கு வேண்டியது காது வலி நின்று தூங்குகிற பிள்ளை. இரண்டும் ஒரே கட்டடத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டன. பள்ளி மருத்துவத்தின் பிறவிச் சிக்கலே இது.

*

'கண் கெட்டது, கை நல்லது' என்று இதுவரை சொன்னதை வைத்து யாராவது முடிவுகட்டினால் அவர்களை 1906 ஜூனுக்குக் கூட்டிப்போக வேண்டும்.

அப்போது நியூயார்க்கின் பள்ளி மருத்துவர்களுக்கு ஒரு கண்டுபிடிப்பு பிடித்துப்போயிருந்தது. பிள்ளை மந்தமாக இருக்கிறதா, வாயைத் திறந்து மூச்சு விடுகிறதா, எல்லாம் டான்சிலும் மூக்கின் பின்னால் வளர்கிற அடினாய்டு சதையும் செய்கிற வேலை. வெட்டி எடுத்தால் புத்தி தெளியும். கீழ்க்கிழக்குப் பகுதியில் யூதப் பிள்ளைகள் படித்த ஒரு பள்ளிக்கே மருத்துவர்கள் வந்து வரிசையாக அறுவை செய்தார்கள். பிள்ளைகள் வாயில் ரத்தத்தோடு வீட்டுக்குப் போனார்கள். சில நாளில் 'பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தொண்டையை அறுக்கிறார்கள்' என்று தெருவெல்லாம் பேச்சு. ஜூன் 27ஆம் தேதி ஆயிரக்கணக்கான தாய்மார்கள் பள்ளிகளை முற்றுகையிட்டார்கள். கல் பறந்தது. ஜன்னல்கள் உடைந்தன. பிள்ளைகளை வெளியே விட்ட பிறகுதான் அடங்கியது.

ஆங்கிலப் பத்திரிகைகள் இதை அறியாமை பிடித்த கும்பலின் பைத்தியக்காரத்தனமாகத்தான் எழுதின. அதே ஜூன் மாத நடுவில்தான் ரஷ்யப் பேரரசின் பியாலிஸ்டாக் நகரில் யூதர்கள் படுகொலை செய்யப்பட்டிருந்தார்கள் என்பதை அந்த ஆங்கில வாசகர் சேர்த்து யோசித்திருக்க மாட்டார். தாய்மார்களுக்கு அது ஊர்ச் செய்தி, உறவுக்காரர் செய்தி. சீருடைக்காரர்கள் குழந்தையின் கழுத்தில் கை வைக்கிறார்கள் என்றால் அவர்களுக்கு அது என்னவாகக் கேட்டிருக்கும்? பின்னாளில் நகரின் குழந்தை நலப் பிரிவுக்குத் தலைமை ஏற்ற டாக்டர் ஜோசஃபின் பேக்கர், 1939ல் வந்த தன் சுயசரிதையில் இந்தக் கலவரத்தைப் பற்றி எழுதும்போது தாய்மார் பக்கம்தான் சாய்கிறார். பிள்ளைக்கு ஒரு வார்த்தை விளக்கவில்லை, பெற்றவளுக்கு ஒரு எச்சரிக்கை இல்லை, பிடித்து அமுக்கி, கைக்கு அகப்பட்டதைப் பிய்த்து எடுத்தார்கள் என்பது அவர் தரும் சித்திரம்.

இதற்கு ஒரு பின்குறிப்பு இருக்கிறது. 1934ல் அமெரிக்கக் குழந்தை நலச் சங்கம் நியூயார்க் பள்ளிகளைச் சேர்ந்த 1,000 பிள்ளைகளை எடுத்துப் பார்த்தது. அவர்களில் 611 பேருக்கு ஏற்கனவே டான்சில் எடுத்தாகிவிட்டது. மிச்சம் 389 பேரைப் பள்ளி மருத்துவர்களிடம் காட்டினார்கள். 174 பேருக்கு எடுக்க வேண்டும் என்றார்கள். 'வேண்டாம்' என்று விடப்பட்ட 215 பேரை வேறு மருத்துவர்களிடம் அனுப்பினார்கள். அவர்களில் 99 பேருக்கு எடுக்க வேண்டும் என்று பதில் வந்தது. மீதி 116 பேரை மூன்றாவது குழு பார்த்தது. மறுபடியும் கிட்டத்தட்டப் பாதிப் பேர். கடைசியில் டான்சிலைக் காப்பாற்றிக்கொண்டவர்கள் 65 பேர். நான்காவது குழு இருந்திருந்தால் அவர்களிலும் பாதி போயிருப்பார்கள். மருத்துவரின் கண் பார்த்தது பிள்ளையின் தொண்டையை அல்ல. 'இரண்டில் ஒன்று' என்கிற தன் பழக்கத்தை. 1906ல் கல்லெறிந்த பெண்களுக்கு இந்தப் புள்ளிவிவரம் தெரியாது. ஆனாலும் யார் அறியாமையில் இருந்தார்கள் என்று மறுபடி ஒருமுறை யோசிக்கலாம்.

ஆக, வைத்தியம் செய்கிற கை என்பதாலேயே அது நல்ல கை ஆகிவிடாது. யாரைக் கேட்டுக்கொண்டு தொடுகிறது என்பது தனிக் கேள்வி.

*

சரி, ராஜர்ஸ் அவ்வளவு நிரூபித்துக் காட்டிய பிறகும் அட்டை எழுதுவதே வழக்கமாக நிலைத்தது எப்படி? பதில் கோட்பாட்டில் இல்லை, தொழிலில் இருக்கிறது. பள்ளியில் இலவசமாக வைத்தியம் நடந்தால் தெருமுனையில் போர்டு மாட்டியிருக்கிற டாக்டரின் வருமானம் என்ன ஆவது? அதனால் ஓர் எழுதாத உடன்படிக்கை உருவானது. பள்ளி குறையைக் கண்டுபிடிக்கலாம், எழுதலாம், பெற்றோருக்குச் சீட்டு அனுப்பலாம். குணப்படுத்துவது தனியார் மருத்துவரின் எல்லை. பள்ளியின் பரிசோதனை தனியாருக்கு ஆள் பிடித்துத் தருகிற வேலையாகவும் ஆனது. காசுள்ளவர் போனார். இல்லாதவருக்கு அடுத்த வருஷமும் அதே வரி.

இந்த எல்லைக் காவலில் அமெரிக்க மருத்துவச் சங்கம் எவ்வளவு தீவிரமாக இருந்தது என்பதற்குப் பள்ளிக்கு வெளியே ஒரு சாட்சி. தாய்சேய் நலத்துக்கு மத்திய அரசு பணம் ஒதுக்கிய ஷெப்பர்ட்–டவுனர் சட்டம் 1921ல் வந்தது. பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்த அடுத்த வருஷம்; அந்த வாக்குக்குப் பயந்துதான் நிறைவேற்றினார்கள் என்பார்கள். அந்தச் சட்டமும் சிகிச்சை தரவில்லை, ஆலோசனையும் செவிலியர் வருகையும்தான். அதையே சோஷலிசம் என்று 1922ல் சங்கம் கண்டித்தது. சங்கத்துக்குள் இருந்த குழந்தை மருத்துவர்களுக்கே இது பொறுக்கவில்லை. அந்தக் கசப்பில்தான் 1930ல் அவர்கள் தனி அமைப்பு கண்டார்கள். சட்டம் 1929ல் செத்துப்போனது.

1936 முதல் 1940 வரை நியூயார்க்கின் அஸ்டோரியா பகுதியில் டாரதி நிஸ்வாண்டர் பள்ளி மருத்துவப் பதிவுகளைக் கிளறிப் பார்த்தார். 1942ல் புத்தகமாக வந்தது. என் மஞ்சள் அட்டையின் கதைதான். அவசரப் பரிசோதனை, பதிவு, பின்தொடர ஆள் இல்லாமல் கிடக்கிற குறைகள். ஆயிரம் பேரை நிமிஷத்துக்கு ஒருவராகப் பார்ப்பதைவிடத் தினமும் பிள்ளையோடு இருக்கிற ஆசிரியை 'இவன் முன்னைப்போல இல்லை' என்று சொல்பவனை, தாயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிதானமாகப் பார்ப்பது பலன் தரும் என்பது அங்கிருந்து வந்த யோசனை.

இந்த இடத்தில் நண்பரின் 'ஸ்டேஷன்' வாதத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். மருத்துவத்தைக் கண்காணிப்பாக மட்டும் படிக்கிற விமர்சனமும் அந்தப் பரிசோதகர் மாதிரியேதான் நடந்துகொள்கிறது. பார்க்கிறது, எழுதுகிறது, அடுத்த ஆளுக்குப் போகிறது. பல் அப்படியே இருக்கிறது.

*

உடன்படிக்கை உடைந்தது 1960களில். கறுப்பின மக்களின் குடியுரிமைப் போராட்டம் இல்லாமல் அது உடைந்திருக்காது. 1965ல் ஏழைகளுக்கான மருத்துவ உதவித் திட்டம் மெடிக்கெய்ட் வந்தது. அதே வருஷம் கொலராடோவில் லொரெட்டா ஃபோர்டும் ஹென்றி சில்வரும், நோயைக் கண்டறிந்து சிகிச்சையும் தரக்கூடிய செவிலியர்களை உருவாக்கும் பயிற்சியைத் தொடங்கினார்கள். ராஜர்ஸ் அனுபவத்தில் செய்ததற்கு அறுபது வருஷம் கழித்துப் பட்டம் கிடைத்தது. 1967ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில் குழந்தை மருத்துவர் ஃபிலிப் போர்ட்டர் அப்படிப்பட்ட செவிலியரைத் தொடக்கப் பள்ளிக்குள்ளேயே உட்காரவைத்தார். 1970ல் டல்லஸ் நகரின் மேற்குப் பகுதியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் மையம் திறந்தது. பள்ளிக்குள் மருத்துவ மையம் என்று இன்று சொல்லப்படுவதன் பிறப்பு இதுதான்.

வரலாற்று நூல்களில் இந்தப் பெயர்கள் வரும். பிளாக் பாந்தர்களின் பெயர் அதே பக்கத்தில் வருவது அபூர்வம். 1969 ஜனவரியில் ஓக்லண்டில் ஒரு தேவாலயத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவு போடத் தொடங்கினார்கள். (பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்கே அதைச் சொல்லத் துப்பாக்கி ஏந்திய கட்சி வரவேண்டியிருந்தது.) 1970ல் ஒவ்வொரு கிளையும் இலவச மருத்துவ மையம் நடத்த வேண்டும் என்று கட்சி விதித்தது. கறுப்பினத்தவரை அதிகம் தாக்கும் அரிவாள்செல் ரத்தசோகைக்குப் பள்ளிகளிலும் தெருக்களிலும் சோதனை நடத்தினார்கள். 1972ல் திருத்திய தங்கள் பத்து அம்சத் திட்டத்தில் இலவச மருத்துவத்தைக் கோரிக்கையாகச் சேர்த்தார்கள். இதில் மருத்துவத்தை நிராகரிப்பது எங்கேயும் இல்லை. ஸ்டெதஸ்கோப் யார் கழுத்தில் தொங்குகிறது, சாவி யார் கையில் என்பதுதான் பேச்சு. எஃப்.பி.ஐ. அந்தக் காலை உணவைக் கண்டு பயந்ததில் ஆச்சரியமில்லை.

1973ல் செயின்ட் பால் நகரில் மெக்கானிக் ஆர்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் ஒரு மையம் தொடங்கினார்கள். எண்ணம் நேரடியானது: வயதுப் பெண்கள் கர்ப்பமாவதைக் குறைக்க வேண்டும், கர்ப்பமானவர்களைக் கவனிக்க வேண்டும். ஆரம்பத்தில் யாரும் வரவில்லை. எப்படி வருவார்கள்? அந்தக் கதவைத் தட்டினாலே தாழ்வாரம் முழுக்க விஷயம் தெரிந்துவிடும். பிறகு சளி, காயம், எடை, தடுப்பூசி, விளையாட்டுப் போட்டிக்கான உடல் தகுதிச் சான்று என்று எல்லாவற்றுக்கும் திறந்துவிட்டார்கள். கூட்டம் வந்தது. ஃபுட்பால் ஆடுகிற பையனும் தலைவலிக்காரியும் நாள் தள்ளிப்போன பெண்ணும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால் யார் எதற்கு வந்தார்கள் என்று தெரியாது. ரகசியம் காக்க ஃபைலைப் பூட்டினால் மட்டும் போதாது, கூட்டம் வேண்டும். பள்ளி நிர்வாகம் கருத்தடைச் சாதனங்களைப் பள்ளிக்குள் கொடுக்க விடவில்லை; அதற்கு மாணவிகள் வெளியே மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது.

*

அந்தத் தடையை மீறிய இடங்களில் அதிகம் பேசப்பட்டது சிகாகோவின் டூசாபிள் உயர்நிலைப் பள்ளி. நகரின் தெற்கே, ராபர்ட் டெய்லர் ஹோம்ஸ் என்ற பதினாறு மாடி அரசுக் குடியிருப்புகள் 28 வரிசைகட்டி நின்ற ஸ்டேட் தெருவுக்குப் பக்கத்தில். கறுப்பினப் பிள்ளைகள் மட்டுமே படித்த பள்ளி. அப்போதைய மேயர், நகரின் முதல் கறுப்பின மேயர் ஹெரால்ட் வாஷிங்டன், இங்கே படித்தவர்தான். 1985ல் பள்ளிக்குள் மையம் திறந்தது. கருத்தடை மாத்திரையும் அங்கேயே கிடைத்தது. அந்த இலையுதிர் காலத்தில் நாடே அந்தக் கதவைப் பார்த்தது.

எதிர்த்தவர்கள் இரண்டு தரப்பு. இரண்டையும் ஒன்றாகக் கட்டிப்போடுவது சோம்பேறித்தனம். ஒரு தரப்பு ரீகன் காலத்து மத வலதுசாரிகள். அவர்களுக்குப் பெண்ணின் உடல் அப்பனுக்கும் புருஷனுக்கும் சொந்தம். கல்வி அமைச்சராக இருந்த வில்லியம் பென்னட் 1986ல் இப்படிப்பட்ட மையங்களை ஒழுக்கத்தின் தோல்வி என்கிற தொனியில் தாக்கினார். இன்னொரு தரப்பு கறுப்பின மதகுருமார். அவர்களில் ஒரு குழு நீதிமன்றம் போனது. கறுப்புக் குடும்பத்தை அழிக்கிற திட்டம் என்றார்கள். மிகையாகத் தெரிகிறதா? டஸ்கீகியில் சிஃபிலிஸ் நோயிருந்த கறுப்பின ஆண்களை 1932 முதல் 1972 வரை, மருந்து இருந்தும் கொடுக்காமல், 'பார்த்துக்கொண்டே' இருந்தது அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் துறை. அடுத்த வருஷம் அலபாமாவின் மாண்ட்கோமரியில் ரெல்ஃப் சகோதரிகள், ஒருத்திக்கு 14, ஒருத்திக்கு 12. அரசுப் பணத்தில் நடந்த குடும்பக்கட்டுப்பாட்டு மையம் அவர்களுக்கு மலடாக்கும் அறுவை செய்தது. எழுதப் படிக்கத் தெரியாத தாய், ஏதோ ஊசிக்கு என்று நினைத்து, தாளில் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தார். 1985ல் இது பன்னிரண்டு வருஷத்துப் பழைய விஷயம்தான். நெருக்கடி நிலைக் காலத்தில் குடும்பக் கட்டுப்பாட்டு வேன் வந்தால் ஆண்கள் கரும்புக் காட்டுக்குள் ஓடிய வடக்கத்திக் கிராமங்களில் எத்தனை வருஷம் கழித்தும் சுகாதார வண்டியைப் பார்த்து ஓடினார்கள் என்பது நமக்குத் தெரியாததா?

ஆனால் அந்த மதகுருமார் பேச்சில் ஒரு ஆள் இல்லை: பள்ளியில் படிக்கிற பெண். இனத்தின் பெயரால் அவள் கருப்பையைக் காக்க வந்தவர்களும் ஆண்கள்; அவளைக் கேட்டுக்கொண்டு வரவில்லை. இந்த மாதிரி மையங்களுக்கு வருகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் கருத்தடைக்காக வருவதில்லை. காய்ச்சல், காயம், ஆஸ்துமா, வீட்டில் நடக்கிறதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்கிற தவிப்பு. அந்தக் குடியிருப்பில் வேறு எந்த டாக்டர் இருந்தார்? மையம் மூடப்படவில்லை. கல்வி வாரியம் அதைத் தொடர விட்டது.

கேள்வி அதோடு தீர்ந்தபாடில்லை. 1990 டிசம்பரில் நார்பிளாண்ட் என்ற சாதனத்துக்கு அமெரிக்கா அனுமதி தந்தது. மேற்கையின் தோலுக்கடியில் ஆறு சின்னக் குச்சிகள். ஐந்து வருஷம் கர்ப்பமில்லை. மாத்திரையை வேண்டாமென்றால் நிறுத்திவிடலாம். இதை நிறுத்த வேண்டுமானால் இன்னொருவர் வந்து கீறி எடுக்க வேண்டும். அனுமதி வந்த இரண்டே நாளில் ஃபிலடெல்ஃபியா இன்குவயரர் பத்திரிகை, கறுப்பின ஏழ்மையைக் குறைக்க இது உதவும் என்கிற மாதிரி தலையங்கம் எழுதி, பிறகு மன்னிப்புக் கேட்டது. 1991 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் ஒரு நீதிபதி ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு இதைப் பொருத்திக்கொள்வதைத் தண்டனையின் நிபந்தனையாக விதித்தார். கான்சாஸில் உதவித்தொகை வாங்கும் தாய்மார் பொருத்திக்கொண்டால் 500 டாலர் தரலாம் என்று மசோதா வந்தது.

இந்தப் பின்னணியில்தான் 1993 தொடக்கத்தில் பால்டிமோர் நகரம், கர்ப்பிணி மாணவிகளுக்கும் குழந்தை பெற்ற மாணவிகளுக்குமான லாரன்ஸ் பேக்வின் பள்ளியின் மையத்தில் நார்பிளாண்ட் கொடுக்கத் தொடங்கியது. மாணவிகளில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். மேயரும் கறுப்பினத்தவர், கர்ட் ஷ்மோக். கட்டாயமில்லை, விரும்பினால் மட்டும் என்றார்கள். கறுப்பினத் தேவாலயங்கள் எதிர்த்தன. ஆதரித்தவர்களிலும் கறுப்பினப் பெண்கள் இருந்தார்கள். இதை விரிவாக விவாதித்த டாரதி ராபர்ட்ஸின் புத்தகம் 1997ல் வந்தது. கருத்தடை வேண்டும் என்கிற பெண்ணின் உரிமையும், எந்தச் சாதனத்தை யார் யாருக்காகத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்கிற கேள்வியும் ஒன்றையொன்று ரத்துசெய்வதில்லை என்பதை நான் அங்கே கற்றுக்கொண்டேன். கர்ப்பத் தடைக்கான நெட்–என் ஊசிக்கு எதிராக ஹைதராபாத்தின் ஸ்த்ரீ சக்தி சங்கட்டனாவும் மற்றவர்களும் 1986ல் உச்சநீதிமன்றம் போனபோது நம் பெண்கள் இயக்கங்கள் பேசியதும் இதைத்தான். அப்போது நம் பத்திரிகைகள் அதை ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டுவிட்டுத் தாண்டிப்போயின.

நார்பிளாண்ட் 2002ல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. அதற்குள் எடுக்கச் சொல்லி வந்த பெண்களை 'இன்னும் கொஞ்ச நாள் பாருங்க' என்று திருப்பி அனுப்பிய மருத்துவர்களைப் பற்றியும், கீறி எடுக்க முடியாமல் வடுவானது பற்றியும் நிறைய வழக்குகள்.

பள்ளி மையங்கள் நிற்கவில்லை, பெருகின. 2016–17 கணக்கெடுப்பில் நாடு முழுக்க 2,584. சின்னப் பிள்ளையென்றால் பெற்றோர் கையெழுத்திட்ட படிவம் வேண்டும். எந்தச் சிகிச்சைக்குப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் வரலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. தேர்தல் வருஷங்களில் இன்னும் வேகமாக மாறுகிறது. ஒவ்வொரு வருகைக்கும் ஒரு குறியீடு, ஒரு பில். அட்டை கணினிக்குப் போய்விட்டது. ஆஸ்துமாக்காரப் பிள்ளைக்கு அங்கேயே மூச்சு திரும்புகிறது, மத்தியானம் வகுப்பில் இருக்கிறான். பல்லுக்கு மருத்துவர் உட்காருகிற மையங்கள் அங்கேயும் இன்னும் கொஞ்சம்தான்.